முப்பது நோன்பும் ஒரு பிடி பாற்சோறும்

நபீஸாவுக்கு முப்பத்துமூன்று வயதில் சீனி வருத்தம் வந்தது. நாற்பதைத் தாண்டியதும் அவளுடைய இரைப்பை மெல்ல மெல்ல வேலையை நிறுத்தத் தொடங்கியது. மருத்துவப் புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. விஷயம் எளிது. வருடக் கணக்காக இரத்தத்தில் ஏறி நிற்கும் சீனி நரம்புகளைத் தின்கிறது. பாதத்து நரம்பு செத்தால் முள் குத்தியது தெரியாது. இரைப்பையின் நரம்பு செத்தால் தின்ற சோறு கீழே இறங்காது. இரவு உண்டது விடிந்த பிறகும் நெஞ்சுக்குக் கீழே கல்லாகக் கிடக்கும், புளிக்கும், பிறகு மேலே வரும்.

அவள் குடியிருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுவதும், அதை வாய்வு என்றார்கள். உள்ளிப் பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார்கள். கிளினிக்கில் இருநூறு நோயாளிகளுக்கு ஒரு டொக்டர். அவருக்குக் காகிதத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்க்க மட்டுமே நேரம் இருந்தது.

"சீனி கூடியிருக்கு. இனிப்புத் தின்னுறீங்களா?"

"இல்ல டொக்டர்."

"பிறகு எப்பிடிக் கூடும்? பொய் சொல்லாதீங்க."

ஒரு குளிசை இரண்டாயிற்று. இரண்டு மாத்திரை மூன்றாயிற்று. அவள் எப்போது உறங்குகிறாள், எப்போது உண்கிறாள், உண்டது எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

நபீஸா காத்தான்குடியை ஒட்டிய பூநொச்சிமுனைக் கடற்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், தொண்ணூறாம் ஆண்டு, தொழப் போன புருஷன் பள்ளிவாசலில் சுடப்பட்டு ஜனாஸாவாக வீடு வந்தான். பிள்ளை இல்லை. உம்மாவும் போன பிறகு, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளான தங்கை சபீனாவை அவளே வளர்த்தாள். சபீனாவுக்கு ஓட்டமாவடியில் இஷாம் என்ற மாப்பிள்ளை பேசியபோது நபீஸா தன் வருத்தத்தை மறைத்தாள். குடும்பத்தில் சீனி இருக்கிறது என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முறியும். கிளினிக்கில் வாய் திறந்தாலும் ஊருக்கு எட்டிவிடும். இங்கே ஒரு பெண்ணின் உடம்பு அவளுக்கு மட்டும் உரியதல்ல. அவளுடைய தங்கையின் சந்தை விலையும் அதில் ஒட்டியிருக்கிறது. குளிசைப் போத்தலை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, வந்தவர்களோடு சேர்ந்து தொதல் இனிப்பும் தின்று காட்டினாள்.

கல்யாணம் முடிந்தது. இஷாம் கட்டாருக்கு லொறி ஓட்டப் போனான். 2004ஆம் ஆண்டு, நோன்பு மாதம் பிறப்பதற்கு முதல்நாள் சபீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. றுமானா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பெற்றவள் நோன்பு பிடிக்கக் கூடாது. விட்ட முப்பதையும் பிறகு ஒருநாள் பிடித்துத் தீர்க்க வேண்டும். அதற்குக் களா நோன்பு என்று பெயர்.

டிசம்பர் இருபத்தைந்தாம் திகதி, கொடியில் துணி காயாத மழைநாளில், சபீனா அதைப் பற்றிப் பேசினாள்.

"ராத்தா, என்ட களா முப்பதும் அப்பிடியே கிடக்கு. நாளைக்கே தொடங்கட்டா?"

"உனக்கென்ன விசரா? பால் குடுக்கிற உடம்பு. புள்ள கொஞ்சம் வளரட்டும். மறுகா புடிக்கலாம்."

"மறுகா மறுகாண்டு அடுத்த நோன்பும் வந்திரும்."

"வந்தா வரட்டும். நீ முதல்ல அந்தக் கஞ்சியக் குடி."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. குழந்தைக்கு மூக்கடைப்பு. நபீஸா அதைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்குள் நாட்டு மருந்து கொடுக்கும் ஒரு பரியாரி வீட்டுக்குப் போனாள். அவள் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தபோது தெருவில் சனம் ஓடிவந்தது. கடல் வருகிறது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று அவள் கேட்டாள். பின்னேரம் போனபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. சபீனாவை மூன்றாம் நாள் வாவிக் கரையில் கண்டல் மரங்களின் வேரிலிருந்து எடுத்தார்கள்.

அன்றிலிருந்து நபீஸாவின் தலைக்குள் ஒரே ஒரு வாசகம் ஓடியது. நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன்.

களா நோன்போடு இறந்தவருக்காக உறவினர் அதைப் பிடிக்கலாம் என்று மார்க்கத்தில் இடம் உண்டு. பிடிக்க முடியாவிட்டால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தும் தீர்க்கலாம். முதலாவது நபீஸாவுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. காலையிலிருந்து இரவு வரை ஒலிபெருக்கியில் பெண்களின் உடையைப் பற்றியும் நடையைப் பற்றியும் பேச ஆண்கள் இருந்தார்கள். இந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இல்லை. பெண்கள் கேட்கப் போகும் இடமும் இல்லை. கேட்டிருந்தால், "உன்னால் ஏன் பிடிக்க முடியாது?" என்ற கேள்வி வந்திருக்கும். அப்போது வருத்தத்தைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது இஷாமின் காதுக்குப் போனால் பிள்ளையைக் கேட்டு வாங்கிவிடுவான். எனவே அவள் கேட்கவில்லை. முப்பதையும் தானே பிடிப்பதென்று முடிவெடுத்தாள்.

பள்ளிக்கூட அகதிமுகாமில் நான்கு மாதம். கடலோரத்தில் வீடு கட்டக் கூடாதென்று அரசாங்கம் சொன்னது. காத்தான்குடியில் வாவிப் பக்கமாக, தகரம் போட்ட ஒற்றை அறையில் குழந்தையோடு குடியேறினாள். தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். மூன்று மணிக்கு எழும்பி மாக் குழைக்க வேண்டும். விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் இடியப்பத்துக்கு என்று நினைத்தார்கள். அவள் அந்த நேரத்தில்தான், நோன்புக்கு முன் விடியாத வேளையில் உண்ணும் சகருக்குச் சோறு தின்றாள், காலைக் குளிசைகளையும் சேர்த்து விழுங்கினாள். உடம்பு இடம் கொடுத்த திங்களும் வியாழனும் நோன்பு. யாராவது கண்டுகொண்டாலும், விரும்பியவர்கள் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு என்று போய்விடுவார்கள்.

குளிசை தன் வேலையைச் செய்யும். சோறு இரைப்பையிலேயே நிற்கும். பத்து மணிக்குள் இரத்தத்தில் சீனி இறங்கிக் கை நடுங்கும், உதடு மரக்கும், கண் முன்னால் சுவர் அசையும். சில நாள் தாங்க முடியாமல் சீனித் தண்ணீர் குடித்தாள். அந்த நோன்பு போயிற்று. பல நாள் சகருக்குத் தின்றது மதியம் வாந்தியாக வந்தது. வாந்தி எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று சிறுவயதில் உம்மா சொல்லியிருந்தாள். ஒழுங்கையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். முறிந்துவிட்டது என்று நினைத்தும், வெட்கத்தில், தண்ணீர்கூடத் தொடாமல் பொழுது சாயும் மஃரிபு வரை கிடப்பாள். அடுத்த வியாழன் அதே நோன்பு மறுபடி. இப்படி நான்கு வருடத்தில் நூறு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தும், அவள் கணக்கில் பதின்மூன்றுதான் நிறைவேறியிருந்தது. அதற்குள் பார்வை பாதி மங்கி, பாதம் மரத்துப் போயிருந்தது.

இரவு இதைவிட மோசம். பகல் முழுதும் காய்ந்துவிட்டு ஒரேயடியாகத் தின்பாள். வயிறு பலூனாக ஊதும். படுத்தால் புளிப்பு தொண்டைக்கு வரும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி பதினொரு மணிவரை கண்ணை மூடிக் காத்திருப்பாள். பிறகு மூத்திரம், நான்கு தரம். பிறகு இராக் குளிசையின் வேலை. ஒரு மணிபோல நெஞ்சு படபடக்கும். கனவில் கண்டல் வேருக்கடியிலிருந்து சபீனா, "ராத்தா, இன்னும் பதினேழு கிடக்கு" என்பாள். விழித்தால் சட்டையும் பாயும் தொப்பலாக நனைந்திருக்கும். அது சீனி இறங்கிய வேர்வை. எந்தத் தாதிக்கும் தெரிந்த அறிகுறி. நபீஸாவோ நனைந்த பாயை முகர்ந்து பார்ப்பாள், உப்பு வாசம் அடிக்கிறதா என்று. அடிக்கும். வேர்வையிலும் உப்பு உண்டு.

2009 மே மாதம் இஷாம் தொலைபேசியில் பேசினான். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"ராத்தா, புள்ளைக்கு நாலரை வயசாகுது. றஸீனாவுக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ள. நான் வளக்கிறன் எண்டு கேக்காள். உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம்?"

"எனக்கென்ன கஷ்டம் மனே? நான் நல்லாத்தானே இரிக்கன்."

"அதான் அவளைப் பாத்துட்டு வரச் சொல்லியிரிக்கன். கோவிக்காதீங்க."

றஸீனா இஷாமின் தங்கை. ஓட்டமாவடியில் பெண்களுக்கான அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் வாங்கியவள். ஒரு புதன்கிழமை மூன்று நாள் தங்குவதாக வந்து இறங்கினாள். அறையைப் பார்த்தாள், குழந்தையின் நகத்தைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. றுமானா அவளைப் பார்த்து, "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டுவிட்டு நபீஸாவின் மடியில் ஏறிக்கொண்டாள். நபீஸாவுக்கு உள்ளே சிரிப்பு வந்தது. இன்னும் இரண்டு நாள். இரண்டு நாள் விழாமல் நின்றால் பிள்ளை தன்னோடு இருக்கும்.

மறுநாள் வியாழன். நோன்பை விட்டிருக்கலாம். விடவில்லை. விட்டால் இரவு சபீனா வருவாள், தான் அலறுவாள், பக்கத்தில் படுத்திருக்கும் றஸீனா விழித்துவிடுவாள் என்று பயந்தாள். அச்சம் ஒரு மனுஷியை எப்படியெல்லாம் கணக்குப் போட வைக்கிறது, பாருங்கள்.

"டவுனுக்குப் போய் புள்ளைக்குச் செருப்பு எடுப்பம்" என்றாள் றஸீனா. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மூவரும் றவூபின் மினி பஸ்ஸில் ஏறினார்கள். றவூபுக்கு நபீஸாவை நன்றாகத் தெரியும். மாதா மாதம் நோய்க் குறிப்பு எழுதும் கிளினிக் கொப்பியோடு அவன் பஸ்ஸில் போகிறவள். கொப்பியைப் பற்றி எங்கேயும் வாய் திறக்காதவன்.

அது போர் முடிந்ததாக அறிவித்த வாரம். டவுனுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் கொடிகள் கட்டியிருந்தார்கள். வழமைபோல எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அன்றைக்கு அடையாள அட்டை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. அதில் சதுரம் சதுரமாக வெட்டிய பாற்சோறு. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. வடக்கே ஒரு கடற்கரை மணலில் அந்த வாரம் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிச் சொல்ல நாட்டில் யாரும் இல்லை. ஆனால் பாற்சோற்றுத் துண்டுகள் எண்ணி வெட்டப்பட்டிருந்தன.

மணி பத்தரை. நபீஸாவின் கை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"யுத்தே இவரய் அம்மே. கன்ன, கன்ன" என்றான் சிப்பாய். போர் முடிந்துவிட்டது, சாப்பிடுங்கள் என்று. இளம் முகம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"நோம்பு" என்றாள் நபீஸா.

"தென் றமசான் நெமெய்னே?"

இப்போது றமழான் இல்லையே என்கிறான். சிரிப்பு போய்விட்டது. வரிசை நின்றது. வரிசையில் பின்னால் நின்ற இருவர் முணுமுணுத்தார்கள்.

"ராத்தா, வாயில போட்டுட்டு வாங்க. பஸ்ஸ மறிச்சிப் போடுவானுகள்."

"ஒரு துண்டுதானே, மனிசி! வெற்றிலையெண்டு நினைச்சிச் சப்புங்க."

றஸீனா திரும்பிப் பார்த்தாள். "நோன்பா ராத்தா? சொல்லல்லயே நீங்க."

நபீஸா துண்டை வாங்கி வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அது பதினான்காவது நோன்பு. கீழே இரைப்பையில் சகர்ச் சோறு அசையாமல் நின்றது. அதற்கு மேல் இந்தக் கொழுத்த தேங்காய்ப்பாற் சோறு போய் விழுந்தது. இரண்டு எட்டு வைத்தாள். பிறகு எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. சிப்பாயின் சப்பாத்தின்மேல், மேசை விரிப்பின்மேல். அவள் அதன்மேலேயே சரிந்து விழுந்தாள்.

சிப்பாயின் கை தோளில் தொங்கிய துவக்குக்குப் போயிற்று. வெற்றிச் சோற்றைத் துப்பியவளை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. றுமானா வீறிட்டாள். றவூப் பஸ்ஸிலிருந்து குதித்து இரண்டு கையையும் தூக்கியபடி ஓடிவந்தான்.

"மஹத்தயா, மெயாட்ட தியவெடியாவ! தியவெடியாவ!" பிறகு எல்லோருக்கும் கேட்கத் தமிழிலும் கத்தினான். "சீனி வருத்தக்கார மனிசி! பத்துப் பன்னிரண்டு வருசமாக் கிளினிக் போறவ! சீனி இறங்கிட்டு, தூக்குங்கடா!"

உயிரைக் காப்பாற்ற அவனுக்கு வேறு வழி இல்லை. அவளுடைய காதில் கடைசியாக விழுந்தது சீனி என்ற அந்தச் சொல்தான். சிப்பாய் தன் சப்பாத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தடையைத் தூக்கச் சொல்லிக் கத்தினான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக் கண் விழித்தபோது கட்டிலருகே டொக்டர் கனகசிங்கம் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர்.

"ராவைக்கு எத்தினை மணிக்குப் படுக்கிறீங்க?"

பதின்மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"பதினொண்டு."

"எழும்புறது?"

"மூணு. இடையில நாலு தரம் மூத்திரம். மறுகா வேர்வை. மறுகா... கனவு."

"சாப்பிட்டா?"

"சாப்பிட்டது போகாது டொக்டர். அங்கேயே இரிக்கும்."

அவர் குழாயை வயிற்றில் வைத்து, இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்தார். "அவ்வளவு வாந்தி எடுத்தும் விடியப்புறம் குடிச்ச தண்ணி இன்னும் உள்ளுக்க சலசலக்குது. குளிசை ஓடுது, சோறு நிக்குது. அதுதான் விழுறீங்க. பிறகு அந்தச் சோறு ராவில இறங்கி விடியச் சீனி ஏறுது. அதைப் பாத்து எங்கட ஆக்களும் குளிசையக் கூட்டிக் கூட்டி விட்டிருக்கினம்." கொப்பியைப் புரட்டி, சக டொக்டர்மாரின் கையெழுத்துகளை ஒருமுறை முறைத்தார். "கஞ்சி, மசிச்ச சோறு. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கொஞ்சம் கொஞ்சம். ஊசி தொடங்குவம். நோன்பு கூடாது. ஒண்டுகூடக் கூடாது."

பக்கத்துக் கட்டிலில் குருக்கள்மடம் என்ற ஊரைச் சேர்ந்த ஆச்சிப்பிள்ளை. அவளுக்கும் சீனிதான். "டொக்டர், எனக்கு மறுவளம். அந்த வெள்ளைக் குளிசை போட்டா ஒண்டும் நிக்கிறதில்ல, கக்கூசுக்கும் கட்டிலுக்கும் ஓட்டம். இவட வயித்தையும் என்ட வயித்தையும் கலந்து ரெண்டாப் பிரிச்சு வெச்சா, ரெண்டு நல்ல வயிறு வரும்."

கனகசிங்கம் சிரித்தார். நபீஸா சிரிக்கவில்லை. வாசலில் றஸீனா நின்றாள்.

அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. அது நபீஸாவை இன்னும் பயப்படுத்தியது. நபீஸா எல்லாவற்றையும் சொன்னாள். தங்கையின் முப்பது நோன்பு, தான் தள்ளிப்போடச் சொன்னது, வாந்தி, பதின்மூன்று. றஸீனா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வாந்தி தன்னால வந்ததா, நீங்க விரல் போட்டு எடுத்ததா?"

"தன்னாலதான் புள்ள."

"பிறகு தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல. மஃரிபு மட்டுக்கும் ஒண்டும் தொடுறல்ல."

"அப்பிடி எத்தனை நாள்?"

"யாருக்குத் தெரியும்... அறுபது, எழுபது."

றஸீனா தலையைக் குனிந்துகொண்டாள். "தன்னால வந்த வாந்திக்கு நோன்பு முறியாது ராத்தா. அந்த அறுபதும் நோன்புதான். முப்பது எப்பயோ முடிஞ்சிட்டு. உங்களுக்கு நோன்பே கடமையுமில்ல, நீங்க நோயாளி. ஏழைக்குச் சோறு குடுத்திருந்தாலும் போதும். யாருகிட்டயும் கேக்கல்லயா?"

இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்த ஒன்றுக்காக நபீஸா தன் கண்ணின் பார்வையில் பாதியையும், பாதத்தின் உணர்வையும், இரவுகள் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறாள். முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரு வரி. அது ஒரு ஒழுங்கை முழுவதற்கும் தெரியாமல் இருந்தது. தெரிந்தவர்கள் அதைத் தங்களோடு வைத்திருந்தார்கள். இதை விதி என்று சொல்லிப் போகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

"அப்ப இனிப் புடிக்கமாட்டன்" என்றாள் நபீஸா. "விழமாட்டன். புள்ள என்னோடயே இரிக்கட்டும்."

"ராத்தா, உங்கள நான் குத்தம் சொல்லல்ல. நீங்க விழக்க புள்ள தனிய இரிந்தா? அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இரிந்தா? இஷாம் காக்காக்கு நான் என்ன சொல்லுற?"

றஸீனா சொன்னதில் பிழை இருக்கவில்லை.

பதினான்கு நாள் கழித்து, ஒரு வியாழன் காலை, காத்தான்குடிப் பிரதான வீதியில் றஸீனாவையும் பிள்ளையையும் ஏற்றிப்போக றவூபின் பஸ் நின்றது. றுமானாவின் காலில் புதுச் செருப்பு. ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மாவும் ஏறட்டும்!"

"மூணு மாசம் ராத்தா" என்றாள் றஸீனா. "டொக்டர் சொன்னபடி தின்னுங்க, உறங்குங்க, ஊசி போடுங்க. கொப்பியக் கொண்டுவந்து காட்டுங்க. விழல்லயெண்டா நானே கூட்டி வந்து விடுறன்."

"விடுவியா புள்ள?"

"இன்ஷா அல்லாஹ்."

அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டென்று நபீஸாவுக்குத் தெரியும். றவூப் அவள் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டான். பஸ் போனது. பிள்ளையின் சத்தம் சந்தி வரை கேட்டது.

மணி பத்து. பூட்டிய கடையொன்றின் படியில் நபீஸா உட்கார்ந்தாள். பையில் வடித்த அரிசிக் கஞ்சி இருந்தது. போத்தல் மூடியில் ஊற்றினாள். ஒழுங்கையில் தெரிந்தவள் ஒருத்தி குடையோடு கடந்து போனாள்.

"என்ன நபீஸா, வியாழக்கிழமை... இண்டைக்கு நோன்பில்லயா?"

"இல்ல" என்றாள் நபீஸா.

குடித்தாள். நான்கு வருடத்தில் ஒரு வியாழன் பகலில் முதல் தடவை, தெருவே பார்க்க. ஐந்து மிடறு இறங்கியது. ஆறாவது தொண்டையில் நின்று மேலே தள்ளியது. வாயை இறுக்கி மூடி, மூக்கால் மூச்சு விட்டாள். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீதியில் பஸ்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அது கீழே இறங்கும்வரை அந்தப் படியிலிருந்து எழுவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.